சாவி யாருடைய கையில்?



கடந்த மாதம் ஒலுவிலில் எமது சேமிப்புச் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு சகோதரி மெல்லக் கேட்டார்: “பழைய அல்டோ கார் ஒன்று விலைக்கு வருகுதாம். லீசிங் போட்டு எடுக்கலாமா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “ராத்தாவுக்குக் கார் கேட்குதாம்” என்றாள் ஒருத்தி. கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவருடைய கதை எமது ஊர்களில் புதிய கதையல்ல. யுத்த காலத்தில் வயலுக்குப் போன கணவர் உயிருடன் திரும்பி வரவில்லை. அப்பம் சுட்டும் தையல் தைத்தும் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தார். இப்போது பகல் சோற்றுப் பார்சல் கட்டிக் கடைகளுக்கும் பல்கலைக்கழகப் பக்கம் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார். சாமான் வாங்கக் கல்முனைக்குப் போக வேண்டும், அக்கரைப்பற்றுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பியை எடுத்துக் காட்டினார்.

“காசை விடுங்க. ராவையில பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிச்சா யாருட வாசலில போய்த் தட்டுற?” என்று கேட்டார். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று அவருக்கு முழுப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. விசாரித்து, கணக்கும் பார்த்து, இந்த மாதப் பக்கத்தை அவருக்காகவே எழுதுகிறேன். அவரைப் போல மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் இது உதவட்டும்.

சின்னக் கார் வந்த வழி

எமது பெரியவர்களைக் கேட்டால் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களைப் பற்றிச் சொல்வார்கள். ஊருக்கு ஒன்று, இரண்டு இருக்கும். கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அதைத்தான் ஹையருக்குப் பிடிப்பார்கள். கார் என்பது போடியார் வீட்டுச் சொத்து, அல்லது டொக்டருடைய சொத்து.

அந்த நிலையை மாற்றியதில் பெரிய பங்கு இந்தியாவில் செய்த ஒரு சின்னக் காருக்கு உண்டு. ஜப்பானிய சுசூகி நிறுவனத்துடன் இந்திய அரசாங்கம் கூட்டுச் சேர்ந்து மாருதி 800 என்ற காரைச் செய்தது. 1983 டிசம்பர் 14ஆம் திகதி பிரதமர் இந்திரா காந்தி முதலாவது காரின் சாவியைக் கொடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். நான்கு பேர் நெருங்கி இருக்கலாம். 2014இல் உற்பத்தியை நிறுத்தும்வரை 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைச் செய்திருந்தார்கள். ஆசிரியைகள், கிளார்க்மார், சிறு கடைக்காரர்கள் என்று மாதச் சம்பளக்காரரின் வாசலுக்கு வந்த கார் அது. எமது நாட்டிலும் நிறைய ஓடியது. அதன் தங்கச்சிதான் அல்டோ.

அதைவிடவும் மலிவாக ஒரு கார் செய்யலாம் என்று நினைத்தவர் ரத்தன் டாட்டா. மழையில் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே ஸ்கூட்டரில் நெருக்கிக்கொண்டு போவதைக் கண்டதுதான் தனக்கு அந்த யோசனையைத் தந்தது என்று அவர் சொன்னார். வாப்பா ஓட்ட, ஒரு பிள்ளை முன்னால் நிற்க, உம்மா கைக்குழந்தையோடு பின்னால் இருக்கும் அந்தக் காட்சியை நாமும் தினமும் கல்முனை வீதியில் காண்கிறோம். 2008 ஜனவரியில் நானோ காரை அவர் உலகத்துக்குக் காட்டினார். 624 சி.சி., பின்பக்கம் எஞ்சின். விலை ஒரு இலட்சம் இந்திய ரூபா என்றார்கள்.

உலகமே பேசிய அந்தக் கார் பத்து வருடத்தில் முடிந்துபோனது. 2018இல் உற்பத்தி நடைமுறையில் நின்றுவிட்டது. சில கார்கள் தீப்பற்றியதால் மக்களிடம் பயம் வந்தது. அதைவிடப் பெரிய காரணம், “உலகத்திலேயே மலிவான கார்” என்ற பெயர். அப்படி விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாட்டாவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஏழையின் கார் என்ற பெயரோடு தெருவில் போக ஏழையும் விரும்பவில்லை. கொழும்பிலும் சில காலம் நானோக்கள் வாடகைக் கார்களாக ஓடின. இப்போது காண்பது அரிது.

நானோவின் கதையில் நாம் மறக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காருக்கான தொழிற்சாலையை முதலில் மேற்கு வங்காளத்தில் சிங்கூர் என்ற இடத்தில் கட்டத் தொடங்கினார்கள். அதற்காக ஆயிரம் ஏக்கர் அளவில் விவசாயக் காணியை அரசாங்கம் எடுத்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள், பெண்களும் வீதிக்கு இறங்கினார்கள். 2008இல் தொழிற்சாலை குஜராத்துக்கு மாறியது. 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் காணிகளை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. துறைமுகத்துக்காகக் காணியை இழந்தவர்களும், துறைமுகம் வந்த பிறகு கடல் அரித்ததால் தென்னந்தோட்டத்தை இழந்தவர்களும் வாழும் ஒலுவிலில் இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கும்போது அதன் மிச்ச விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்க எமக்குத் தெரியும்.

ஏன் மனம் ஆசைப்படுகிறது?

கார் என்றால் ஆடம்பரம் என்று ஆண்கள் சொல்லலாம். எமது சங்கத்துச் சகோதரிகள் சொன்ன காரணங்கள் வேறு. வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கூரை. பூட்டக்கூடிய கதவு. நோயாளியைச் சாய்த்து வைக்க ஓர் இருக்கை. சோற்றுப் பார்சலும் அரிசி மூட்டையும் ஏற்றப் பின்னால் கொஞ்சம் இடம். பழைய அல்டோவைத் திருத்த ஊரிலேயே ஆள் இருக்கிறது, உதிரிப்பாகமும் கிடைக்கும். எரிபொருளும் குறைவாகவே குடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே, யாரையும் கெஞ்சாமல் போய் வரலாம். கணவன் இல்லாத பெண் இரவில் ஓட்டோவுக்கு அழைத்தால் மறுநாள் தெருவில் பேச்சு வரும். காக்காவின் மகனை எழுப்பினால் மச்சியின் முகம் சுருங்கும். இந்தக் கணக்கு எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே அந்தச் சகோதரியின் ஆசை நியாயமானது. அது அளவுக்கு மீறிய ஆசை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விலை குறைந்த காரில் பாதுகாப்பும் குறைவு. 2014இல் குளோபல் என்கெப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப் பை இல்லாத அல்டோ 800, நானோ இரண்டுக்கும் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பெரிய பஸ்கள் பறக்கும் எமது வீதியில் இதை மனதில் வைக்க வேண்டும். மெதுவாக ஓட்டுங்கள், பெல்ட் போடுங்கள், பிள்ளையை முன் ஆசனத்தில் மடியில் வைக்காதீர்கள்.

கணக்கைப் பார்ப்போம்

எமது நாட்டில் கார் விலையில் பெரும் பங்கு வரி. எஞ்சின் எத்தனை சி.சி. என்று பார்த்துத் தீர்வை போடுகிறார்கள். அதற்கு மேல் சுங்க வரி, வற் வரி எல்லாம் சேர்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. வேறு நாடுகளில் கார் பழசாகப் பழசாக விலை இறங்கும். இங்கே பதினைந்து வயதுக் காரும் சீதனக் காணி போல விலை பேசப்படுகிறது. ஆகவே “இது மலிவு” என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள்.

லீசிங் கணக்கு இப்படி. உதாரணத்துக்கு, பத்து இலட்சம் ரூபா தருகிறார்கள், மாதம் 25,000 ரூபா வீதம் ஐந்து வருடம் கட்ட வேண்டும் என்று வைப்போம். 60 மாதத்தில் நீங்கள் கட்டுவது பதினைந்து இலட்சம். முழு விலைக்கும் லீசிங் தரமாட்டார்கள், ஆகவே ஒரு பங்குக் காசு கையில் இருக்க வேண்டும். அந்தப் பங்குக்காக நகையை ஈடு வைத்தால் வட்டி இரண்டு பக்கத்தாலும் ஓடும். தவணை தவறினால் வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கட்டிய காசும் போகும், காரும் போகும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் விடியற்காலையில் வந்து தூக்கினார்கள். அந்த வீட்டு உம்மாவுக்கு வாகனம் போன கவலையைவிட, அயலார் பார்த்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

கடன் பெண்களை என்ன செய்யும் என்பதை நாம் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே இரத்துச் செய்ய வேண்டிய நிலை வந்தது. லீசிங்கும் கடன்தான். அதற்குக் கார் என்ற சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தவணையோடு செலவு முடிவதில்லை. வருடம் ஒரு தடவை காப்புறுதி, புகைப் பரிசோதனை, வரிப்பத்திரம். டயர், பற்றரி, எண்ணெய் மாற்றுதல். எமது கடற்கரையில் உப்புக் காற்று காரின் அடிப்பாகத்தைத் தின்னும். வாங்கும் முன் காரைத் தூக்கிப் பார்த்து, துரு எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

பெற்றோலும் எப்போது எப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. 2022 ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு அடுத்த மாதம் கியூஆர் அட்டை வந்தபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். கார் வைத்திருந்தவர்களும் சைக்கிளைத் தேடினார்கள். ஆகவே உங்கள் சைக்கிளை விற்றுவிடாதீர்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் சொல்லும் அளவுகோல் இதுதான். அதே கொப்பியில் இன்னொரு பக்கத்தைத் திறவுங்கள். இப்போது மாதம் ஓட்டோவுக்குப் போகும் தொகையை ஒரு பக்கம் எழுதுங்கள். தவணை, பெற்றோல், வருடச் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, திருத்த வேலைக்கு ஒரு தொகை என்று மறுபக்கம் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தவறாமல் சங்கத்தில் சேமித்துப் பாருங்கள். முடிந்தால் காரையும் தாங்குவீர்கள். முடியாவிட்டால் கடனில் விழாமல் தப்பினீர்கள், சேமிப்பும் கையில் இருக்கும்.

யாருடைய பெயரில்?

இப்போது மிக முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். பழைய வாகனங்களை “ஓபன் பேப்பர்” என்று, பெயர் மாற்றாமல் கையொப்பம் மட்டும் வாங்கி விற்கும் பழக்கம் உண்டு. அப்படி வாங்காதீர்கள். பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் வரும்வரை கார் உங்களுடையதல்ல. எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா, பழைய லீசிங் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். லீசிங்கில் எடுத்தால் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர் நிற்கும். கடைசித் தவணை கட்டிய பிறகு அதை நீக்கிக்கொள்ள மறக்கக் கூடாது.

பெண்ணின் உழைப்பில் வாங்கிய காரை மகனுடைய பெயரில், மருமகனுடைய பெயரில், தம்பியின் பெயரில் எழுதுவது எமது வழக்கம். “ஆம்பிளைட பேரில இருந்தா அலைச்சல் இல்லை” என்பார்கள். அலைச்சல் பிறகுதான் வரும். கணவரின் பெயரில் கார் இருந்து அவர் மௌத்தாகிவிட்டால், பிள்ளைகள் உள்ள முஸ்லிம் மனைவிக்கு அதில் எட்டில் ஒரு பங்குதான். எமது தமிழ்ச் சகோதரிகளுக்குப் பொதுச் சட்டத்தின்படி பாதிப் பங்கு. உங்கள் காசில் வாங்கி உங்கள் பெயரில் இருந்தால் பங்கு பிரிக்கும் பேச்சே இல்லை.

சீதனப் பேச்சிலும் கார் வந்துவிட்டது. முன்பு வீடும் வளவும் கேட்டார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். இப்போது சில இடங்களில் “சின்னக் கார் ஒன்று போதும்” என்கிறார்கள். அந்தச் சின்னக் காருக்காக வெளிநாட்டு அடுப்படிகளில் வெந்துபோகும் உம்மாமாரை நாம் அறிவோம். கொடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று வந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலி என்பதற்கு விளக்கம் உண்டு. மணமகளின் பாவனைக்காக மணமகனிடம் கொடுக்கும் பணமும், அசையும் சொத்தும் கைக்கூலி. கார் அசையும் சொத்து. மனைவி அதைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே அதை விவாகப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கொடுத்ததற்குச் சாட்சி தேடிக் காதி நீதிமன்றத்துக்கும் மற்ற நீதிமன்றங்களுக்கும் அலையும் பெண்கள் பலர். அதைவிட நல்லது, காரை முதலிலேயே மகளின் பெயரில் பதிவதுதான்.

ஓட்டுவது யார்?

கார் உங்கள் பெயரில் இருந்தும் ஓட்டுவதற்கு ஆள் தேடினால் பழைய வாசலையே தட்டுகிறீர்கள். அதனால் அனுமதிப்பத்திரம் முதலில், கார் பிறகு. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். 18 வயது முடிந்திருக்க வேண்டும், மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எழுத்தில் சித்தியடைந்து, பழகி, பிறகு ஓட்டிக் காட்ட வேண்டும். ஐம்பது வயதில் பழகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெட்கமும் பேச்சும் இருக்கும். எமது சகோதரிகள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போன சவூதி அரேபியாவிலும் பெண் கார் ஓட்டத் தடை இருந்தது. 1990 நவம்பரில் 47 பெண்கள் ரியாத் நகரில் துணிந்து ஓட்டினார்கள். வேலையை இழந்தார்கள், ஏச்சுக் கேட்டார்கள். 2018 ஜூன் 24ஆம் திகதி அந்தத் தடை நீங்கியது. இடையில் 28 வருடம். எமது நாட்டில் அப்படியொரு தடை ஒருபோதும் இருந்ததில்லை. இங்கே தடுப்பது தெருவின் கண்கள் மட்டும்தான். வியாபாரக் கூட்டங்களை அனுப்பி வணிகம் நடத்திய கதீஜா நாயகி (ரழி) அவர்களை மதிக்கும் சமூகம், சோற்றுப் பார்சல் ஏற்றிய காரை ஒரு விதவை ஓட்டுவதைக் கண்டு ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

இனி என்ன?

சின்ன, மலிவான காரின் காலம் முடிகிறதா என்று பலர் கேட்கிறார்கள். மாருதி 800 நின்றது, நானோ நின்றது, அல்டோ 800 கூட 2023இல் நின்றது. பாதுகாப்பு விதியும் புகை விதியும் இறுக, மிக மலிவாகச் செய்வது கடினமாகிறது. பெரிய கார்களில் இலாபம் கூட என்பதால் கம்பனிகளின் கண்ணும் அங்கேதான். மறுபக்கம், 2020இல் சீனாவில் வூலிங் என்ற பெயரில் ஒரு குட்டி மின்சாரக் கார் வந்து நன்றாக விற்றது. கிட்ட ஓடிக் கிட்டத் திரும்பும் எமது கரையோர ஊர்களுக்கு அப்படிப்பட்டது பொருந்தும். ஆனால் பற்றரி பழுதானால் மாற்றும் செலவு என்ன, ஊரில் திருத்த ஆள் உண்டா என்று தெரியாமல் முதல் ஆளாகப் பாயத் தேவையில்லை. இன்னும் பல வருடத்துக்கு எமது வாசலுக்கு வரப்போவது பழைய அல்டோவும் அதைப் போன்றவையும்தான்.

ஆகவே, ராத்தா, உங்கள் கேள்விக்கு என் பதில்: இந்த மாதம் எடுக்க வேண்டாம். ஆசையை விடவும் வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு காரை வாங்குவதை நான் சொல்லமாட்டேன், அதில் மனத்தாங்கல் வரும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு சாரதியை உருவாக்கலாம். சங்கத்தில் சீட்டுப் போட்டு, முதல் சீட்டை ஒருவரின் அனுமதிப்பத்திரச் செலவுக்குக் கொடுப்போம். இரவில் எந்த வாசலைத் தட்டலாம் என்றால், அந்தச் சகோதரியின் வாசலைத் தட்டலாம். முதலில் ஹையர் காரையே அவர் ஓட்டட்டும். கணக்குச் சரிவரும்போது கார் வரட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அடையாள அட்டையோடு வாருங்கள். விண்ணப்பம் நிரப்ப நான் உதவுகிறேன். நானும் ஒன்று நிரப்பப் போகிறேன்.